பன்றிகள் ஒதுக்கிய மாவு

அத்தியாயம் 5

மதியம் மூன்று மணிக்குச் சேவியரைக் கோர்ட்டில் நிறுத்தப்போகிறார்கள். இப்போது காலை ஒன்பது பத்து. எட்டரைக்கே வந்து சேர்ந்திருக்க வேண்டியது. பிரிட்டோவின் பைக் பாகூர் சாலையில் இரண்டு முறை மக்கர் பண்ணி நாற்பது நிமிடத்தைத் தின்றுவிட்டது.

“பைக்கத் திட்டாதீங்கக்கா. அதுக்கும் மனசுன்னு ஒன்னு இருக்குது.”

“மனசு இருக்குது, பெட்ரோல்தான் இல்ல” என்றபடி இறங்கினாள் வெண்ணிலா.

வில்லியனூரில் ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ் வைத்திருப்பவள் அவள். அதற்கு முன் பதினோரு வருடம் கால்நடை இன்சூரன்ஸ் கம்பெனியில் செத்த மாடுகளின் காது பார்த்தாள். காதில் இருக்கும் பட்டையின் எண்ணும் பேப்பரில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா என்று பார்க்கிற வேலை. மாடு செத்தாலும் பொய் சொல்லாது, பக்கத்தில் நிற்கிற மனுஷன்தான் சொல்வான் என்று அங்கேதான் தெரிந்துகொண்டாள். பிரிட்டோ அரியூர்க்காரன், முப்பத்தொரு வயது. அவளுக்கு உதவியாளன், டிரைவர், தேவைப்பட்டால் சாட்சி. வாய்க்கு மட்டும் லீவு விடமாட்டான்.

நேற்று மாலை சகாயராணி ஆபீஸ் படியேறி வந்து சொன்ன விஷயம் இதுதான். அவள் கணவர் சேவியர் ஒன்பது வருடமாகக் கலைவேந்தனின் வெண்பன்றிப் பண்ணையில் வேலை பார்க்கிறார். பன்னிரண்டு நாளில் பதினோரு பன்றிகள் செத்துப்போயின. சேவியர்தான் விஷம் வைத்தார் என்று கலைவேந்தன் புகார் கொடுத்துவிட்டு, போலீசையும் அழைத்துக்கொண்டு அவர் வீட்டுக்கே போனான். கட்டிலுக்கு அடியில் பண்ணையின் தீவன மாவு மூன்று மூட்டை இருந்தது. பக்கத்தில், கரையானுக்கென்று வாங்கி வைத்திருந்த ஒரு பூச்சிமருந்து டின். மூட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து, மருந்தைக் கலந்து, திரும்பப் பண்ணையில் போட்டிருக்கிறார் என்று முடிவு கட்ட அது போதுமானதாக இருந்தது. கால்நடை டாக்டர் எடுத்து அனுப்பிய குடலுக்கு லேப் ரிசல்ட் வரப் பத்து நாள் ஆகும். சேவியரைக் கேட்டால், “மூட்டைய எடுத்தது நான்தான்” என்கிறார். எதற்கு என்று கேட்டால் சுவரைப் பார்க்கிறார்.

கரும்பு வயலுக்கு நடுவே பண்ணை. கேட்டைத் திறந்தவள் சகாயராணியேதான். கையில் தண்ணீர் வாளி.

“புருஷன உள்ள வெச்சவரு பண்ணையில நீ வேல பாக்கறியாம்மா?” என்றான் பிரிட்டோ.

“அதுங்க இன்னா பண்ணும் பாவம். வாயில்லாத ஜீவன். யாராவது தண்ணி காட்டணுமில்ல.”

வெண்ணிலாவுக்கு அவளை அப்போதே பிடித்துப்போயிற்று. “ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லு. இந்த ஒரு மாசத்துல உன் வூட்டுக்காரரு வழக்கத்துல இல்லாத எதையாவது செஞ்சாரா?”

சகாயராணி யோசித்தாள். “அரிசி மில்லு தவிடு வாங்கியாந்தாருக்கா, மூட்ட மூட்டையா. எங்க வூட்ல மாடும் கெடையாது, ஆடும் கெடையாது. எதுக்குன்னேன். சிரிச்சாரு. மறுநாளு பாத்தா தவிட்டக் காணோம்.”

“இத போலீஸ்ல சொன்னியா?”

“சொன்னா அதுக்கும் ஒரு கேஸ் போட்ருவாங்களோன்னு பயந்துட்டேன்.”

மூன்று கொட்டகைகள். முதல் இரண்டில் விற்பனைக்கு நிற்கிற பெரிய பன்றிகள், காதை ஆட்டிக்கொண்டு ஆரோக்கியமாக இருந்தன. டவுன் ஓட்டல்களிலிருந்து டிரம்மில் வரும் மிச்சச் சாப்பாடுதான் அவற்றுக்கு. மூன்றாவது கொட்டகையில் தாய்ப்பன்றிகளும் குட்டிகளும். அவற்றுக்கு மட்டும் மக்காச்சோள மாவு. செத்த பதினொன்றும் இங்கேதான். மிச்சம் இருக்கிற பத்தொன்பதும் இடுப்பெலும்பு தெரிய, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றன. ஒரு தாய்ப்பன்றி தொட்டியில் இருந்த கூழை மூக்கால் ஒரு தள்ளு தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டது. இன்னொன்று தின்ற இரண்டு வாயையும் வாந்தி எடுத்தது.

“அக்கா, பன்னியே மூஞ்சத் திருப்பிக்குது. எங்க ஹாஸ்டல் சாப்பாட்டுக்குக்கூட இந்த மரியாதைய நாங்க குடுக்கல.”

வெண்ணிலா கேட்காதது போல் உள்ளே இறங்கி, குட்டிகளின் பின்பக்கம் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். ஒவ்வொரு பெட்டையாகப் பார்த்தாள்.

“காதுல ஆரம்பிச்ச வேல, எங்க வந்து நிக்குது பாருங்க” என்றான் பிரிட்டோ.

“வாய மூடு. சகாயராணி, இதுங்களுக்கு எத்தினி மாசம்?”

“மூணு மாசம்க்கா.” சகாயராணி குரலைத் தாழ்த்தினாள். “பத்து நாளா இப்டித்தான் வீங்கிக் கெடக்குது, பருவத்துக்கு வந்த மாதிரி. அதுக்கு இன்னும் எவ்ளோ நாளு இருக்குது. ரெண்டு தாய் வேற குறையா குட்டி போட்டுடுச்சி.”

வெண்ணிலா எழுந்தாள். முகத்தில் இருந்த அலுப்பு போய்விட்டது. “பூச்சிமருந்துக்கு ஒரே வேலதான் தெரியும், கொல்றது. மூணு மாசக் குட்டிய வயசுக்குக் கொண்டாந்து, தாய்க்கு கருவக் கலைச்சி, பன்னெண்டு நாளு ஒன்னொன்னா சாவடிக்கற பொறுமை எந்த டின்னுக்கும் கெடையாது. மாவு எங்க?”

தீவன அறை உயரமான மேடையில், காய்ந்து கிடந்தது. கூரையில் ஓட்டை இல்லை, சுவரில் ஈரம் இல்லை. பிரித்து வைத்திருந்த மூட்டைக்குள் வெண்ணிலா முழங்கை வரை கையை விட்டாள். மேலே சில்லென்று இருந்த மாவு உள்ளே போகப் போகச் சுட்டது. கையை எடுத்து மோந்தாள். முதலில் வெல்லப்பாகு வாசனை. அதற்கு அடியில், மழையில் நனைந்து மூலையில் கிடந்த கோணியின் வாடை.

“பாகு யாரு கலக்கச் சொன்னது?”

“ஓனருதான். பன்னி துன்ன மாட்டேங்குதுன்னதும் பாகு ஊத்தி வேக வெச்சிப் போடுன்னாரு. பெரிய அண்டாவுல ரெண்டு மணி நேரம் வேகும்.”

“பூஞ்ச புடிச்ச சோளம் பிரிட்டோ. யாரோ அத அரைச்சி மாவாக்கிட்டாங்க. முழுசா இருந்தா பச்சையும் கருப்புமா கண்ணுக்குத் தெரியும். மாவாப் போனா யாருக்குத் தெரியும்?” அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். “ஆனா இந்த ரூம்புல பூஞ்ச வர வழியே இல்ல. சோளம் வேற எங்கியோ நனைஞ்சிருக்குது. எங்க இருந்துச்சி?”

சகாயராணிக்குத் தெரியவில்லை. “பொங்கல் கழிச்சி நெட்டப்பாக்கம் மில்லுலேர்ந்து மாவா வந்துச்சி. அதுக்கு முன்னாடி ஓனரு மலைக்கு மாலை போட்டிருந்தாரு. விரதம்ல, நாப்பத்தெட்டு நாளும் பன்னி இருக்கற பக்கமே வரல. எல்லாம் போன்லதான். பழைய சோளத்த வெச்சி இவுருதான் ஓட்டினாரு.”

பைக்கை நோக்கி நடக்கும்போது பிரிட்டோ வாட்சைப் பார்த்தான். பத்து மணி ஆகப்போகிறது.

நெட்டப்பாக்கம் மில்லில் கண்ணையன் தலை முதல் கால் வரை வெள்ளையாக நின்றார். மூட்டை வாயைத் தையல் மெஷினில் சிவப்பு நூலால் தைத்துக்கொண்டிருந்தவர், ஆள் வந்ததைப் பார்த்தும் நிறுத்தவில்லை.

“அண்ணே, உங்களுக்கு வயசு எவ்ளோ? தொடச்சிட்டு சொல்லுங்க” என்று பிரிட்டோ ஆரம்பிக்க, வெண்ணிலா அவனைத் தள்ளிவிட்டு முன்னே வந்தாள்.

பன்றி செத்த கதையைக் கேட்டால் எந்த மில்காரனும் வாயைத் திறக்கமாட்டான். ஆகவே அவள் பன்றியைப் பற்றிப் பேசவே இல்லை.

“அண்ணே, எங்ககிட்ட நாப்பது மூட்ட மக்காச்சோளம் இருக்குது. மழையில கொஞ்சம் நனைஞ்சி பூஞ்ச புடிச்சிடுச்சி. அரைச்சிக் குடுப்பீங்களா?”

கண்ணையன் மெஷினை நிறுத்தினார். “வேணாம் தாயே. ஒரு தபா பட்டதே போதும்.”

“ஏன், இன்னா ஆச்சி?”

“பாகூர்லேர்ந்து வேந்தன் தம்பி கொண்டாந்துச்சி. கட்டி கட்டியா, பச்சையும் கருப்புமா. ரோட்டுல ரெண்டு நாளு காய வெச்சேன்னுச்சி. மில்லுல ஓட்டி முடிச்சா வாட போவல. உமிய வுட்டு ரெண்டு தபா ஓட்டி, அப்பவும் ஒருத்தரும் கேவுரு அரைக்க வரல. என் பொழப்பே மூணு நாளு படுத்துடுச்சி.”

“தனியாவா வந்தாரு?”

“கூட சேவியரு வந்தாரு, பண்ணையில இருக்கறாரே அவுரு. அந்தாளு மூட்டையத் தொட மாட்டேன்னுட்டாரு. இத வெக்காதீங்க தம்பின்னு மல்லுக்கு நின்னாரு. வேந்தனுக்குக் கோவம் வந்து அவுர அந்தாண்ட வேப்பமரத்துக்கிட்ட இட்டுக்கினு போயி ஏதோ கத்துச்சி. திரும்பி வந்தவரு அப்புறம் வாயே தொறக்கல. மூட்டையத் தூக்கி ஏத்தினாரு, போயிட்டாரு.”

“இன்னா கத்துனாரு?”

“மில்லு ஓடுது. காதுல வுழல.”

“சோளம் மொதல்ல எங்க இருந்துச்சாம்?”

“அவுங்க மோட்டார் கொட்டாயில. மெயின் ரோட்டாண்ட. சாவி வேந்தன் இடுப்புலதான் தொங்கும், வேற யாரையும் வுடாது.” சொல்லிவிட்டுத்தான் கண்ணையனுக்கு உறைத்தது. “ஆமா, உங்க நாப்பது மூட்ட எங்க?”

“வரும்போது கொண்டாறோம்ணே” என்று பிரிட்டோ பைக்கை உதைத்தான். ஆச்சரியமாக, ஒரே உதையில் கிளம்பியது.

மோட்டார் கொட்டாய் கரும்பு வயல் ஓரம் தனியாக நின்றது. கதவில் பூட்டு. பின்பக்க ஜன்னல் கம்பி வழியாக வெண்ணிலா டார்ச் அடித்தாள். சுவரில் முழங்கால் உயரத்துக்குச் சேற்றுக் கோடு, டிசம்பர் புயல் மழையில் தண்ணீர் நின்ற அளவு. தரையெங்கும் சிந்திக் கிடந்த சோளம் முளைவிட்டுக் காய்ந்திருந்தது. மூலையில் அப்பியிருந்த கட்டிகள் பச்சையாக, பஞ்சு வைத்தது போல் இருந்தன.

“சாவி ஓனர்கிட்ட. நனைஞ்சது ஓனர் கொட்டாய்ல. அரைக்கச் சொன்னது ஓனரு, பாகு ஊத்தி வாடைய மறைக்கச் சொன்னதும் ஓனரு” என்று பிரிட்டோ விரல் மடக்கினான். “வேணாம்னு சொன்ன ஒரே ஆளு சேவியரு. அவுரு வெளிய இருந்தா வாயத் தொறப்பாரு. அதனால புடிச்சி உள்ள போட்டாச்சி. ஆளு கெடச்சிட்டாருக்கா.”

வெண்ணிலாவும் அப்படித்தான் நினைத்தாள். எஸ்.ஐ. நவீன்குமாருக்குப் போன் போட்டுப் பார்த்ததை எல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகத்தான் கேட்டார்.

“மேடம், நீங்க சொல்றது நியாயமாதான் படுது. ஆனா அந்த மூணு மூட்ட அவர் வூட்டுக்கு ஏன் போச்சி? அதுக்கு அவரும் பதில் சொல்லல, நீங்களும் சொல்லல. புகார் குடுத்தவரே வந்து மாத்திச் சொன்னா பாக்கலாம். மூணு மணிக்கு மேல என் கையில இல்ல.”

ரிமாண்ட் ஆகிவிட்டால் சேவியர் வெளியே வர எத்தனை நாளோ. வந்தாலும், பன்றிக்கு விஷம் வைத்தவனுக்கு இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்தப் பண்ணையும் கதவு திறக்காது. ஐம்பதை நெருங்குகிற மனுஷன், வேறு தொழில் தெரியாது. மணி பன்னிரண்டு.

கலைவேந்தன் வீட்டில் இல்லை. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போயிருக்கிறான், வருவான் என்றார்கள். எதிர் டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தார்கள். பிரிட்டோ மூன்று டீயும் ஐந்து ஜோக்கும் முடித்தான். வெண்ணிலா ஒன்றுக்கும் சிரிக்கவில்லை. ஒன்று நாற்பதுக்குக் கார் வந்தது.

முப்பத்து நான்கு வயது, கட்டையான உடம்பு, மலைக்குப் போய்வந்து வளர்ந்த தாடியை இன்னும் எடுக்காத முகம். ஹாலில் உட்காரச் சொல்லாமலேயே பேச ஆரம்பித்தான் கலைவேந்தன்.

“சேவியருக்கு வக்காலத்து வாங்க வந்தீங்களா மேடம்?”

“மோட்டார் கொட்டாய்ல தண்ணி முட்டி வரைக்கும் நின்னிருக்குதே தம்பி.”

“நின்னுச்சி. நான் மாலை போட்டிருந்தேன், பண்ணைக்குப் போவ முடியாது. போற வழியெல்லாம் ஏரித் தண்ணி வேற. லாரிக்காரன் நிக்க மாட்டேன்றான். ரோட்டாண்ட இருக்குதேன்னு அங்க எறக்கிப் பூட்டினேன். மலையெறங்கி வந்து தொறந்தா பூஞ்ச. அதுக்கு இன்னா இப்போ?”

மறைப்பான் என்று நினைத்துவந்த விஷயத்தை அவனே எடுத்துப் போட்டது வெண்ணிலாவுக்கு இடித்தது. இருந்தாலும் விடவில்லை. “அத அரைச்சி பன்னிக்கு வெச்சீங்க.”

“காய வெச்சேன். அரைச்சேன். ரெண்டு மணி நேரம் வேக வெச்சிப் போடச் சொன்னேன். கொதிக்கற அண்டாவுல எந்தப் பூஞ்ச மேடம் உசுரோட இருக்கும்?”

“அப்போ நல்ல மாவுதான்றீங்க.”

“நல்ல மாவுதான்.”

“சரி. எனக்கு ஒரே ஒரு காரியம் பண்ணுங்க. பின்னாடி கட்டியிருக்கற உங்க வூட்டு மாட்டுக்கு அந்த மாவுல ரெண்டு படி வைங்க. என் கண்ணு முன்னாடி. வெச்சிட்டீங்கன்னா நான் இப்டியே வில்லியனூர் திரும்பிட்றேன்.”

இன்சூரன்ஸ் நாட்களிலிருந்து அவள் வைத்திருந்த வலை இது. ஊரான் மாட்டைப் பற்றிக் கூசாமல் பொய் சொல்கிறவன்கூடத் தன் சொந்த மாட்டின் வாயில் விஷத்தை வைக்கமாட்டான். தயங்குவான், சாக்கு சொல்வான், அங்கேயே பிடித்துவிடலாம். பதினோரு வருடத்தில் ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

கலைவேந்தன் சிரித்தான். “என் மாடு ஒரு மாசமா அதத்தான் துன்னுது மேடம்.”

அவன் பொய் சொல்லவில்லை. கண்ணும் குரலும் ஒன்றாகத்தான் இருந்தன. அந்த மாவு நல்லது என்று உண்மையிலேயே நம்புகிறான். அப்படியானால் காலையிலிருந்து அவள் கட்டிய வழக்கு மொத்தமும் தப்பு.

அதைவிடப் பெரிய தப்பு ஒன்று அதே நேரத்தில் சமையலறையிலிருந்து வந்துகொண்டிருந்தது. கலைவேந்தனின் மனைவி அர்ச்சனா, ஏழு மாத வயிற்றோடு, கையில் டம்ளருடன் வாசற்படியில் நின்றாள்.

“அது எந்த மாட்டுப் பாலும்மா?” என்றாள் வெண்ணிலா.

“நம்ப மாட்டுதுதான்க்கா. காலைல ஒன்னு, மத்தியானம் ஒன்னு, ராத்திரி ஒன்னு. டாக்டரம்மா குடிக்கச் சொன்னாங்க.”

“கீழ வை.”

அவள் குரலைக் கேட்டு அர்ச்சனா பயந்து டம்ளரை ஜன்னல் மேடையில் வைத்தாள்.

“தம்பி, கொதிக்க வெச்சா பூஞ்ச சாவும். அது சோளத்துல கக்கிட்டுப் போன விஷம் சாவாது. ரெண்டு மணி நேரம் இல்ல, ரெண்டு நாளு வேக வெச்சாலும் அப்டியே இருக்கும். பன்னி துன்னா ஈரல அழுவ வெக்கும், கருவக் கலைக்கும். உங்க பன்னிய யாரும் கொல்லல, அந்த அண்டாதான் கொன்னுச்சி. மாடு துன்னா அந்த விஷத்துல ஒரு பங்கு பாலுல எறங்கும்.”

கலைவேந்தனின் முகம் செத்துப்போனது. “இதத்தான்” என்றான். பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். “இதத்தான் அவனும் சொன்னான்.”

“யாரு? சேவியரா? மில்லுலயா?”

“பன்னிக்கு வெக்காதீங்கன்னான். கேக்கல. சரி, மாட்டுக்காவது வெக்காதீங்க தம்பி, மாடு துன்றதுதானே பாலு, மாசமா இருக்கற அம்மா குடிக்கறாங்கன்னான்.” அவன் மனைவியைப் பார்க்கவில்லை. “எனக்கு எங்க இருந்துதான் அவ்ளோ கோவம் வந்துச்சோ. இவ ஏற்கெனவே ரெண்டு தபா ஆஸ்பத்திரிக்குப் போயி வெறுங்கையோட வந்தவ. ராவெல்லாம் தூங்க மாட்டா. இந்தப் பேச்சு இவ காதுல வுழுந்துச்சின்னா தோலை உரிச்சிடுவேன்னேன். இவகிட்ட மட்டும் இல்ல, ஒரு ஆளுகிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னேன். அவன் புள்ளைங்க மேல சத்தியம் பண்ணச் சொன்னேன். பண்ணான்.”

அர்ச்சனா சுவரைப் பிடித்துக்கொண்டாள். கை தானாக வயிற்றுக்குப் போயிற்று. “ஒரு மாசமா குடிக்கறேனே” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

வெண்ணிலா ஏதோ நினைத்தவளாகச் சட்டென்று திரும்பினாள். “பிரிட்டோ, வா.”

மாட்டுக்கொட்டகை வீட்டுக்குப் பின்னால். தூணோரம் பாதி காலியான மூட்டை ஒன்று, மேலே பண்ணையின் பெயர். ஆனால் வாயில் மில்லின் சிவப்புத் தையல் இல்லை. நீல நைலான் கயிற்றால் கையால் கட்டியிருந்தது. அவள் கையை உள்ளே விட்டாள். அடிவரை விட்டாள். எங்கேயும் சுடவில்லை.

பிரிட்டோ ஒரு பிடி எடுத்து மோந்துபார்த்தான். வாடையும் இல்லை, பாகும் இல்லை. “அக்கா, இது மாவே இல்ல. தவிடு. அரிசி மில்லு தவிடு.”

வெண்ணிலா எஸ்.ஐ.க்குப் போன் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்தாள். கலைவேந்தனும் அர்ச்சனாவும் பின்னாலேயே வந்து நின்றார்கள்.

“சார், சேவியர் வூட்ல எடுத்த மூணு மூட்ட ஸ்டேஷன்லதானே இருக்குது? போயி வாயப் பாருங்க. செவப்பு நூல் தையல் பிரிஞ்சிருக்குதா?”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நடக்கும் சத்தம். மாடு வாலை ஆட்டிக்கொண்டு அசைபோட்டது.

“பிரியல மேடம். மூணுமே மில்லுல தைச்ச மாதிரியே இருக்குது.”

“பிரிக்காத மூட்டையில எப்டி சார் மருந்து கலக்க முடியும்?”

வெண்ணிலா கலைவேந்தனிடம் திரும்பினாள். “மாட்டுக்கு மூட்ட யாரு கொண்டாந்து போட்றது?”

“சேவியர்தான். பத்து நாளுக்கு ஒன்னு. நான் அந்த மூட்டையத் தொட்டுக்கூடப் பாத்ததில்ல.”

“ஒரு மாசத்துக்கு எத்தினி?”

“மூணு” என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. பண்ணையிலிருந்து எடுத்த மூட்டை இங்கே வரவே இல்லை. சேவியர் அதைத் தன் வீட்டில் இறக்கிவிட்டு, தன் கைக்காசில் வாங்கிய தவிட்டைப் பண்ணைச் சாக்கில் கட்டி இங்கே கொண்டுவந்திருக்கிறார். முதலாளியின் பொருள் என்று அந்த மூன்று மூட்டையைப் பிரிக்கவும் இல்லை, தூக்கிப் போடவும் இல்லை. ஏன் எடுத்தாய் என்று போலீஸ் கேட்டபோது, பாலைப் பற்றிச் சொல்லாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. பாலைப் பற்றிச் சொல்லமாட்டேன் என்ற சத்தியம் இருந்தது.

“நீ குடிச்ச பாலுல ஒன்னும் இல்லம்மா” என்றாள் வெண்ணிலா. “மனசு ஆறலன்னா நாளைக்கு அரியூர் ஆஸ்பத்திரியில ஒரு தடவ பாத்துக்க. ஆனா உன் மாடு துன்னது நல்ல தவிடு.”

அர்ச்சனா மாட்டுக்கொட்டகைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. கலைவேந்தன் பக்கத்தில் குனிந்து தோளைத் தொட்டான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

“மணி இன்னா?” என்றாள் வெண்ணிலா.

“ரெண்டே கால்” என்றான் பிரிட்டோ.

“கார எடுங்க” என்றாள் அர்ச்சனா கணவனிடம். “நான் கார்லயே இருக்கேன். நீங்க உள்ள போயி அவுர இட்டுக்கினு வரணும்.”

ஸ்டேஷன் வாசலில் வேன் தயாராக நின்றது. சகாயராணி பண்ணையிலிருந்து நடந்தே வந்து மதில் ஓரம் நின்றிருந்தாள். கலைவேந்தன் யார் முகத்தையும் பார்க்காமல் உள்ளே போனான். வெண்ணிலா கால்நடை டாக்டரைப் போனில் பிடித்துக் குட்டிகளின் வீக்கத்தைச் சொல்லி எஸ்.ஐ.யிடம் கொடுத்தாள். அவர் ஐந்து நிமிடம் “சரிங்க டாக்டர்” மட்டும் சொன்னார்.

“மாவ லேபுக்கு அனுப்புவோம். ஆனா இந்தப் புகார் நிக்காது” என்றார் போனை வைத்துவிட்டு. “மாத்தி எழுதிக் குடுங்க கலைவேந்தன். பதினோரு பன்னி செத்ததுக்குக் காரணம்னு ஒரு பேரு எழுதணும்.”

“என் பேர எழுதிக்கங்க சார்.”

“உங்க பன்னிய நீங்களே தெரியாம சாவடிச்சா அதுக்கு செக்‌ஷன் கெடையாது. கையெழுத்த போட்டுட்டுக் கெளம்புங்க.”

கலைவேந்தன் எழுதிக் கையெழுத்துப் போட்டான். மூன்று மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது சேவியரை வெளியே விட்டார்கள். இரண்டு நாள் தாடி, கசங்கிய சட்டை, செருப்பு இல்லாத கால். சகாயராணி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவர் அவளை விலக்காமலேயே கலைவேந்தனைப் பார்த்தார். திட்டுவார் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். திட்டியிருந்தால் கலைவேந்தன் வாங்கிக்கொண்டிருப்பான், அதற்குத் தயாராகத்தான் நின்றான்.

சேவியர் கிட்டே வந்தார். பக்கத்தில் நிற்கிற போலீஸ்காரருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்தினார்.

“நான் யார்கிட்டயும் சொல்லல தம்பி. அம்மா காதுக்கு எதுவும் போவலியே?”

கலைவேந்தன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஊரே பார்க்கிற ரோட்டில், இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.